பெருநாள் விடுமுறையில் மலையேறப் போகிறீர்களா?

நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாள் வேன் பிடித்து ஒகேனக்கல்லுக்கோ வத்தல்மலைக்கோ குடும்பத்தோடு போய் வருவது நமது பகுதி மக்களுக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் அருவியில் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, மக்ரிபுக்குள் வீடு திரும்பினால் போதும். இன்றைய பிள்ளைகளுக்கு அது போதவில்லை. காட்டு வழியாக நடந்து உச்சி வரை ஏற வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். வானத்தையும் மலைகளையும் பார்த்துச் சிந்திக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆனால் புறப்படும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. 2025ல் நோன்புப் பெருநாள் மார்ச் 31 அன்று வந்தது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகர்ந்து மார்ச் நடுப்பகுதிக்கும், பிறகு பிப்ரவரிக்கும் வருகிறது. அதாவது இந்தச் சில ஆண்டுகளில் நமது பெருநாள் விடுமுறையும் காட்டுத்தீப் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. தருமபுரி மாவட்டக் காடுகள் பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடுகளும் முட்புதர்க் காடுகளும்தான். தை மாதத்திலேயே இலை கொட்டத் தொடங்கிவிடும். மாசி, பங்குனியில் தரையெல்லாம் சருகு, இடுப்பளவு காய்ந்த புல். ஒரு பீடித் துண்டு போதும்.

தேனி மாவட்டம் குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேலேயுள்ள மலையில் நடைப்பயணம் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள், சிலர் மருத்துவமனையில் நாட்கணக்கில் போராடி இறந்தார்கள். மொத்தம் 20க்கும் மேற்பட்ட உயிர்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சூடான காற்று மேலே எழுந்து, மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. புதிதாக மலைக்குப் போனவருக்கு இது தெரியாது. பயத்தில் உச்சியை நோக்கி ஓடுவார்.

அதனால்தான் வனத்துறை வழக்கமாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுப் பாதைகளில் நடைப்பயணத்தை நிறுத்தி வைக்கிறது. இதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் நம்மிலும் உண்டு. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி வந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும் முன் அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நான்கு சுவருக்குள் இருக்கும் நெருப்புக்கே இந்த எச்சரிக்கை என்றால், சருகுக் காட்டில் மூன்று கல் வைத்து பிரியாணி தேக்சா ஏற்றுவதை என்னவென்று சொல்வது? சமையலை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அனுமதி. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காடுகளின் ஒரு பகுதி, 2022ல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வன உயிரின சரணாலயத்தில் அடங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. நமக்கு அருகே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் மலையும், சேலத்திலிருந்து ஏற்காடு மலைக்கு ஏறும் குண்டூர் பாதையும் அவற்றில் சேர்ந்தவை. இணையத்தில் பதிவு செய்து, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டியோடு போகலாம். அந்தக் கட்டணம் வீண்செலவு அல்ல.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் முண்டச்சிப்பள்ளம் பக்கம், கோடையில் யானைகள் தண்ணீர் தேடிச் சாலையைக் கடக்கும். வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பவர்களைப் பார்க்கிறோம். பயணத்தில் இரவு தங்கினால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள், அது இரவில் விலங்குகளும் ஊர்வனவும் நடமாடும் இடம் என்ற வழிகாட்டல் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. யானைத்தடத்தில் பாய் விரிக்கும் நம் இளைஞர்களுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

குப்பை விஷயத்துக்கு வருவோம். 2025 மே மாதம் கோவை மருதமலைப் பகுதியில் நோயுற்று இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகள் இருந்தன. கருவுற்றிருந்த யானை அது. காட்டுக்குள் நாம் கொண்டுபோகும் பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், குழந்தையின் டயப்பர் எல்லாம் திரும்பவும் நம்முடனேயே வர வேண்டும். ஆரஞ்சுத் தோல் மக்கிவிடும் என்று எறிபவர்களும் உண்டு. மக்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் குரங்கு எடுத்துவிடும். மனிதர் கையில் தின்று பழகிய குரங்கு பிறகு பறிக்கத் தொடங்கும். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் முதல் வருடத்திலேயே ஓதுகிறோம். அகற்றுவது இருக்கட்டும், போடாமலாவது இருக்கலாமே.

கூச்சப்பட்டு யாரும் பேசாத ஒன்று, மலஜலம். மக்கள் நடக்கும் வழியிலும், ஒதுங்கும் நிழலிலும், நீர்நிலையிலும், பொந்துகளிலும் கழிக்கக்கூடாது என்பது ஃபிக்ஹு நூல்களின் தொடக்கப் பாடம். இன்று உலகெங்கும் மலையேறுபவர்களுக்குச் சொல்லப்படுவதும் கிட்டத்தட்ட அதேதான்: ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் சுமார் 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணால் மூடுங்கள். நாப்கினைப் புதைக்கக்கூடாது, பையில் கட்டி எடுத்துவர வேண்டும். ஓடையில் சோப்பு வேண்டாம். ஒளூவுக்கு ஓடைக்குள் இறங்கிக் கலக்க வேண்டியதில்லை, குவளையில் மொண்டு கரையில் செய்யலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளூ செய்திருக்கிறார்கள். சுமார் முக்கால் லிட்டர் (ஹனஃபி கணக்கில் சற்றுக் கூடும்). ஒரு சிறு பாட்டில் போதும்.

முதல்முறை நடப்பவர்கள் வத்தல்மலையில் ஊர்களை இணைக்கும் சாலையோரமாக, காபித் தோட்டங்களையும் சிறுதானிய வயல்களையும் பார்த்தபடி நடந்து பழகலாம். அங்கே வாழும் பழங்குடி மக்களின் தோட்டத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். காலையில் ஏறி வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள். பெண்கள் தரையில் இழுபடும் பர்தாவுக்குப் பதில் கணுக்கால் அளவில் பருத்தி ஆடையும், பிடிமானமுள்ள ஷூவும் அணிவது நல்லது. நைலான் துணி தீயில் உருகித் தோலில் ஒட்டும். மூவர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. ‘போதும், திரும்புவோம்’ என்று அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்க வேண்டும்.

இந்தப் பெருநாளுக்கு ஒகேனக்கல் ஆற்றங்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலைப்பாதையை வடகிழக்குப் பருவமழைக்குப் பின், டிசம்பர், ஜனவரி விடுமுறைக்கு வையுங்கள். அப்போது காடு பச்சையாக இருக்கும், வெயிலும் குறைவு. வேன் பேசும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.