தள்ளுவண்டிக்குப் பின்னால் நிற்பவர்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த லாபிஸ் நகரில் ரயில் நிலையம் உண்டு, கடைத்தெரு உண்டு, சுகாதாரக் கிளினிக்கும் உண்டு. ஆனால் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. ஆகையால், செம்பனைத் தோட்டத்தில் குலை விழுந்து காலை முறித்துக்கொண்டவரும், நடுநிசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவரும், சுமார் 30 கிலோமீட்டர் கடந்து சிகாமட் மருத்துவமனைக்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அங்கே நோயாளியை வண்டியிலேற்றி வார்டுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் கொண்டுசெல்லும் சிப்பந்தியை அரசாங்க ஏடுகள் சுகாதாரப் பராமரிப்பு உதவியாளர் என்கின்றன. முந்திய தலைமுறையாருக்கு அவர் அட்டெண்டன்ட்.

இவ்வுத்தியோகத்துக்குத் தேகபலம் ஒன்றே மூலதனம் என்பது பொதுஜன அபிப்பிராயம். பலம் வேண்டியதுதான், ஆயினும் மணிக்கட்டுப் பட்டையிலுள்ள பெயரையும் எண்ணையும் சீட்டோடு ஒப்பிடாமல் வண்டியை நகர்த்துவாராயின், ஒருவருக்கு எடுக்க வேண்டிய படம் மற்றொருவருக்கு எடுக்கப்பட்டுவிடும், மூத்திரம் சேரும் பையை நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிட்டால், அது குழாய்வழியே திரும்பி ஓடிக் கிருமியையும் உள்ளே கொண்டு சேர்க்கும், சலைன் போத்தலைத் தாழப் பிடித்தாலோ, ரத்தம் குழாயில் பின்னேறும். சரிவில் சக்கர நாற்காலியை இறக்கும்போது, உட்கார்ந்திருப்பவர் முன்னே சாய்ந்து விழாதபடி, தாம் பின்னடியாக முதலில் இறங்கி, பாரத்தைத் தம் சரீரத்தால் தாங்கிக்கொள்ள வேண்டும். முதுகெலும்பில் அடிபட்டவரைப் புரட்டுவது இன்னும் சூட்சுமமான காரியம்: தலையைப் பிடித்திருப்பவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லும் வரையில் மற்ற எந்தக் கையும் அசையலாகாது, ஒருவர் அவசரப்பட்டாலும் அடிபட்டவரின் கைகால்கள் ஆயுள் முழுதும் செயலற்றுப் போகக்கூடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரத்தத்தை 30 நிமிஷத்துக்குள் ஏற்றத் தொடங்காவிடில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது பொதுவான விதியாதலால், அதைச் சுமந்து வருபவர் நடைவழியில் நின்று யாரிடமும் குசலம் விசாரிக்க இயலாது. பிராணவாயு உருளையின் முள் எங்கே நிற்கிறது என்பதைப் புறப்படுமுன் பார்ப்பதும், நடுவழியில் லிஃப்ட் நின்றுபோகலாம் என்று எண்ணிச் சற்று மிகுதியாகவே வைத்துக்கொள்வதும் அநுபவஸ்தர்களின் வழக்கம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பேச்சில் ஜாக்கிரதை வேண்டும். "தம்பி, டாக்டர் என்னப்பா சொன்னாரு?" என்று வண்டியோடு கூடவே நடந்து வரும் தாயார் கேட்கையில், தெரிந்திருந்தாலும் சொல்ல அதிகாரமில்லை, சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதோ மனிதத்தன்மை ஆகாது. "நர்ஸம்மா வந்து சொல்லுவாங்க, அம்மா; நீங்க கொஞ்சம் உட்காருங்க" என்பதைத் தமிழிலும் மலாயிலும் ஒருவாறு சீனத்திலும் சொல்லத் தெரிந்தவர், அம்மாவட்டத்தில் பாதி வேலையைக் கற்றுக்கொண்டவரே.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரின் ராஜ்யம் நடந்த காலத்திலும் இத்தகைய சிப்பந்திகள் இல்லாமலில்லை. தோட்ட முதலாளிமார் ஆஸ்பத்திரி அமைக்க வேண்டுமென்று பிரிட்டிஷார் காலத்துத் தொழிலாளர் சட்டங்கள் பணித்திருந்தபடியால், மருந்துக்கு ஒருவரும் கட்டுக்கு ஒருவரும் போல, தூக்குவதற்கும் துடைப்பதற்கும் தொழிலாளர் லயத்திலிருந்தே ஆள் எடுக்கப்பட்டது. டிரஸர்மாரைப் பதிவு செய்ய 1965இல் தனிச்சட்டம் வந்தது. தாதியருக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம் முன்னமே இருந்தது. தூக்கியவருக்கோ அத்தகைய பதிவேடு எதுவும் ஏற்படவில்லை, இன்றும் இல்லை. லாபிஸ் தொகுதியின் அந்நாளைய நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் சுவா சொய் லெக் 2004 முதல் சில ஆண்டுகள் சுகாதார அமைச்சராகவே வீற்றிருந்தார் என்பதை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

1997இல் அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு, கட்டடப் பராமரிப்பு, கருவிப் பராமரிப்பு ஆகிய ஐந்து பணிகளும் தனியார் கம்பெனிகளுக்கு ஒப்பந்தமாக விடப்பட்டன; தென்மாநிலங்கள் பின்னாளில் பந்தாய் மெடிவெஸ்ட் எனப்பட்ட கம்பெனியின் பங்காயின. நோயாளியைத் தூக்கி வைக்கும் வேலை அப்பட்டியலில் சேரவில்லை. அது அரசாங்கச் சிப்பந்தியிடமே நின்றது. அதை நல்ல முடிவென்றே நான் கருதுகிறேன், பதிவேடும் முறையான பயிற்சிப் பத்திரமும் கூடவே வந்திருக்குமாயின் அது இன்னும் நல்ல முடிவாகியிருக்கும்.