சார் எடுத்த சம்பளமில்லா விடுப்பு

பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன் நான் ஃபவுண்டேஷன் படித்தது ஒரு தனியார் கல்லூரியில். இயற்பியல் எடுத்த சார் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கும் மேல் வகுப்பிலும் ஆய்வுக்கூடத்திலும் நிற்பார். ஒரு வியாழக்கிழமை அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம்.

திங்கட்கிழமைதான் விஷயம் தெரிந்தது. சுங்கை பூலோ நிலையத்தில் இ.டி.எஸ். இரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரி பிடித்துப் பினாங்குக்குப் போயிருக்கிறார். அங்கே இயற்பியல் கற்பித்தல் பற்றி ஒரு மாநாடு. அவருடைய கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கல்லூரியோ பணம் தரவில்லை. ஆராய்ச்சி உங்கள் வேலையில் சேராது என்று சொல்லிவிட்டார்களாம். பதிவுக் கட்டணம், பயணம், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 900 ரிங்கிட் அவர் கைப்பணம். அந்த இரண்டு நாளும் சம்பளமில்லா விடுப்பு.

“அவ்வளவு செலவு பண்ணி எதுக்கு சார் போனீங்க?” என்று ஒருவன் கேட்டான். சார் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கைப்பேசிகளை எடுத்துக்கொண்டு எங்களை நடைபாதைக்கு அழைத்துப் போனார்.

ஜெர்மனியின் ஆகென் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி இருக்கிறது. அதிலுள்ள நிறுத்துக்கடிகாரம் ஒரு சத்தம் கேட்டால் ஓடும், அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டு கைப்பேசிகளையும் 10 மீட்டர் இடைவெளியில் வைத்தோம். முதல் கைப்பேசி அருகே நான் கைதட்டினேன். அது உடனே ஓடியது. தூரத்தில் இருந்தது ஒலி போய்ச் சேர்ந்த பிறகே ஓடியது. பிறகு அந்த முனையில் என் தோழி தட்டினாள். இப்போது அது முதலில் நின்றது. இரண்டு கடிகாரத்துக்கும் வித்தியாசம் 0.058 வினாடி. ஒலி போகவர 20 மீட்டர்; வகுத்துப் பார்த்தால் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர். அதுவரை ஒலியின் வேகம் எனக்குப் பாடநூலில் அச்சடித்த ஓர் எண். அன்று அதை நாங்களே அளந்தோம்.

இந்தச் சோதனை சாரின் கட்டுரையிலோ மாநாட்டு நிகழ்ச்சி நிரலிலோ இல்லை. தேநீர் வேளையில் கெடாவிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் செய்து காட்டியதாம். மாநாடுகளை இப்போது இணையத்திலேயே பார்க்கலாமே என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நம் நாட்டில் மலாயா பல்கலைக்கழகம் உட்பட ஐந்து ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அங்கே எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற ஆராய்ச்சி மானியம் பெறும் பேராசிரியருக்கு, அந்த மானியத்திலேயே பயணத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. மானியம் இல்லாமல் பாடம் மட்டும் நடத்துபவருக்கு அந்த வழி கிடையாது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அறிவியலை முதலில் ஆழமாகக் கற்பது படிவம் ஆறு, மெட்ரிகுலேஷன், ஃபவுண்டேஷன் வகுப்புகளில், இப்படிப்பட்டவர்களிடம்தான்.

இது புதிய கதையும் அல்ல. அப்துஸ் சலாம் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1951-இல் லாகூர் அரசுக் கல்லூரிக்குக் கற்பிக்கத் திரும்பினார். பாடம் போக, அவருக்குக் கிடைத்த கூடுதல் பொறுப்பு கல்லூரிக் கால்பந்துக் குழு! இயற்பியலாளர் வுல்ஃப்காங் பாலி பம்பாய்க்கு வந்திருப்பது தெரிந்து அவரைப் பார்க்கப் போனார் சலாம். அனுமதியின்றிப் போனதாக விளக்கம் கேட்டார்கள். கடைசியில் அந்த நாட்கள் சம்பளமில்லா விடுப்பாயின. எங்கள் சாரின் கதையைப் போலவே இருக்கிறதல்லவா? 1954-இல் அவர் கேம்பிரிட்ஜுக்கே திரும்பிவிட்டார். ஆனால் அந்தத் தனிமையை மறக்கவில்லை. 1964-இல் இத்தாலியின் திரியெஸ்த் நகரில் அவர் தொடங்கிய அனைத்துலக இயற்பியல் மையம், வளரும் நாட்டு விஞ்ஞானிகள் சொந்த ஊர் வேலையை விடாமலே சில ஆண்டுகளுக்குள் பலமுறை வந்து தங்க வழி செய்தது. செலவு மையத்துடையது. சலாமுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1979-இல்.

போக முடியாதபோது வரவழைத்தவரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் தம் குடும்ப வீட்டிலேயே மாணவர்களுக்குக் கருத்தரங்கு நடத்தினார். 1960-இல் நீல்ஸ் போர் அங்கு வந்தார். 1962-இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்ததற்கு அந்த வீட்டுக் கருத்தரங்கே தொடக்கம். எல்லாருக்கும் அவ்வளவு பெரிய வீடும் தொடர்பும் இருக்காது என்பது வேறு விஷயம்.

கல்லூரிப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சார் போன இரண்டு நாளும் எங்களுக்கு வகுப்பு நடக்கவில்லை. மாற்று ஆள் இல்லை. அதனால் பயண நிதி என்றால் பதில் ஆசிரியருக்கான செலவையும் அதில் சேர்க்க வேண்டும். திரும்பி வருபவர் கற்றதை மற்ற விரிவுரையாளர்களுக்கு ஒரு மணி நேரம் செய்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். தொகை பெரிதல்ல. எங்கள் வகுப்பில் 24 பேர். சார் செலவழித்த 900 ரிங்கிட்டைப் பங்கு போட்டால் தலைக்கு 40 ரிங்கிட்கூட வராது.

போன மாதம் சாருக்குச் செய்தி அனுப்பினேன். இந்த ஆண்டும் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம். மாநாடு கூச்சிங்கில். இரயில் போகாத ஊர். விமான டிக்கெட் விலை இறங்குமா என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.