காத்திருக்கும் செய்தி: பியூர் டேட்டாவில் பேச்சும் நேரமும்

மில்லர் பக்கெட் 1996-இல் வெளியிட்ட பியூர் டேட்டா என்னும் ஒலி மென்பொருளில் நிரல் எழுதுவது என்றால், திரையில் பெட்டிகளை வைத்துக் கோடிழுத்து இணைப்பது. கோடுகள் இரண்டு வகை. ஒன்றில் ஒலி இடைவிடாமல் ஓடுகிறது. இன்னொன்றில் செய்தி எப்போதாவது வருகிறது. இந்த இரண்டு காலங்களும் உரசுகிற இடத்தில்தான் சிக்கல்.

ஒலி துண்டு துண்டாகக் கணக்கிடப்படுகிறது. துண்டுக்கு 64 மாதிரிகள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஏறத்தாழ 1.45 மில்லிநொடி. ஒவ்வொரு துண்டுக்கும் ஒலிப்பெட்டிகள் சங்கிலிபோல வரிசையாக வேலை செய்கின்றன. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் செய்தி சொல்லும் பெட்டியொன்றை சி மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தாண்டிய கணமே சொல்லிவிட்டால் என்ன? சங்கிலி பாதிதான் ஓடியிருக்கிறது. முந்தைய பெட்டிகள் பழைய மதிப்போடு முடித்துவிட்டன, அடுத்தவை புதிய மதிப்போடு தொடங்கும். அந்தச் செய்தி ஏதோவொரு ஒலிப்பெட்டியை அழித்தாலோ சங்கிலியே கலைந்துபோகும். நடுவில் ஓடிக்கொண்டிருந்த கணக்குக்குக் காலடியில் தரையில்லை. மென்பொருள் விழும்.

ஆகவே பெட்டி நேரடியாகப் பேசுவதில்லை. கிளாக் ஒன்றில் பூஜ்ய தாமதத்துக்குப் பதிந்து வைக்கிறது. துண்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் கிளாக் கூப்பிடும். செய்தி அப்போது வெளியேறும். மென்பொருளோடு வருகிற த்ரெஷோல்ட் பெட்டியும் இப்படித்தான் செய்கிறது. பெட்டி அழியும்போது கிளாக்கையும் விடுவித்தாக வேண்டும். இல்லாவிட்டால் செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற கதைதான்.

'பொறு, உன் முறை வரும்' என்பது அதிகாரத்தின் பழைய வசனமாயிற்றே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இங்கே காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு: ஒரு துண்டு. விதியை மீறினால் தடுக்கக் காவலரும் இல்லை; எழுதுகிறவரின் பொறுப்பு அது. மூலநிரல் திறந்திருப்பதால் யாரும் வாசித்துச் சரிபார்க்கலாம்.

ஆனாலும் ஒத்திவைப்பு முழுக்க அப்பாவியல்ல. ஒரு கிளாக் ஒரே பதிவைத்தான் வைத்திருக்கும். ஒரே துண்டுக்குள் சத்தம் இரண்டு முறை தாண்டினால் இரண்டாவது பதிவு முதலாவதை அழித்துவிடும். இரண்டு நிகழ்வுக்கு ஒரே அழைப்பு. எந்த மாதிரியில் தாண்டியது என்பதும் தொலைகிறது. இவையெல்லாம் வேண்டுமென்றால் பெட்டி தன்னிடமே ஒரு பட்டியல் வைத்துக் குறித்துவர வேண்டும், கிளாக் கூப்பிடும்போது ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். காத்திருக்கச் சொல்கிற அமைப்பு எதுவானாலும், காத்திருந்தவற்றின் கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதே அங்கு முதல் கேள்வி.