முகத்தைப் பார்க்காதீங்க, மணியைப் பாருங்க!

டான்ஸில் ஆபரேஷன் முடிந்து என் எட்டு வயது மகன் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்த அன்று, தெருவில் பாதிப் பேர் டாக்டராகிவிட்டார்கள். "அல்வா வழுக்கிக்கிட்டு இறங்கிரும், குடுங்க!" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி.

என் அம்மாவோ, "வலி மருந்து வயித்தப் புண்ணாக்கிரும்ல. தாங்க முடியாம அழுதா மட்டும் குடு" என்றாள். பி.காம். படித்தவனல்லவா, சிக்கனம் என்றதும் தலையாட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் பயல் எச்சிலைக்கூட விழுங்கவில்லை. கிண்ணத்தில் ஐஸ்கிரீம் கரைந்து பாயசமாகியிருந்தது. உதடு காய்ந்து, காலையிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

"முகத்தப் பாத்து மருந்து குடுக்காதீங்க சார், மணியப் பாத்துக் குடுங்க" என்றார் டாக்டர். டான்ஸிலை எடுத்த இடம் திறந்த புண். வலிக்குப் பயந்து விழுங்காவிட்டால் தொண்டை காய்கிறது. காய்ந்தால் இன்னும் வலிக்கிறது. கடன்காரன் வட்டி மாதிரிதான்! பாராசிட்டமால் வலியைக் குறைக்கும். ஐபுபுரூஃபன் வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும்.

"ரத்தம் கசியாதா?" என்றேன். அந்தப் பயம் டாக்டர்களுக்கே ரொம்ப நாள் இருந்ததாம். ஆனால் 2019-ல் அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை நிபுணர்களின் வழிகாட்டி, இந்த இரண்டையும்தான் சிபாரிசு செய்தது. பன்னிரண்டு வயதுக்குள் கோடீன் கூடாது என்றும் சொன்னது. ஆஸ்பிரின் பக்கமே போகக்கூடாது. ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுபுரூஃபன் கிட்னிக்கு ஆகாது. அதனால்தான் முதலில் டிரிப்ஸ். அளவு வயதுக்கல்ல, எடைக்கு. சமையலறைக் கரண்டியால் அளந்து ஊற்றுவது வேண்டாம்.

ஃபிரிட்ஜில் டைம்டேபிள் ஒட்டினோம். அன்று நடுராத்திரி என்னை உலுக்கி எழுப்பியது யார் தெரியுமா? சாட்சாத் அம்மாதான்! "ஏல, மணி ரெண்டாச்சு. மருந்து!"

ஐந்தாம் நாள் காது வலிக்கிறது என்றான். அம்மா பூண்டு எண்ணெய் காய்ச்சக் கிளம்பிவிட்டாள். தொண்டைக்கும் காதுக்கும் போகும் நரம்பு ஒன்றே என்பதால் வரும் வலியாம் அது. எண்ணெய் அடுப்பிலிருந்து இறங்கியது. தொண்டையில் வெள்ளையாகப் படர்ந்ததும் சீழல்ல, புண் ஆறுகிற அடையாளம். அந்தப் படலம் உதிரும் ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் சிவப்பாக ரத்தம் வந்தால் மட்டும், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட வேண்டும்.

பத்தாம் நாள் காலை, வீடே அதிரும்படி கத்தினான் பயல்: "ஆத்துக்குக் குளிக்கப் போகணும்!"

தாமிரபரணி எங்கேயும் போய்விடாது. இன்னும் நாலு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.