செடானுக்கு ஒரு நீளக் கூரை

பழைய அமெரிக்க செடான் ஒன்றை ஸ்டேஷன் வேகனாக மாற்றப் போகிறவர் முதலில் அறுக்கும் கருவியைத் தொடுவதில்லை. இருக்கைகளையும் உள் துணிகளையும் கழற்றிவிட்டு, காருக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களைப் பற்றவைக்கிறார். இடது கதவு நிலையிலிருந்து வலது கதவு நிலைக்கு ஒன்று, டேஷ்போர்டின் அடியிலிருந்து பின் தரைக்கு இன்னொன்று என்று ஒரு கூண்டே உள்ளே எழுகிறது. அடுத்து, கதவுகளை மூடி, கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நாலாபுறமும் அளந்து, அந்தந்த இடத்திலேயே சாக்பீஸால் எழுதிவைக்கிறார். கூரையில் முதல் வெட்டு விழுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

1950களின் பெரும்பாலான அமெரிக்கக் கார்களுக்குக் கீழே தடித்த எஃகுச் சட்டம் தனியாக உண்டு. எஞ்சின், அச்சு, சக்கரங்கள் எல்லாம் அந்தச் சேஸிஸில்தான் தொங்கும். உடலை அதன்மேல் வைத்து போல்ட் போட்டு இறுக்குவார்கள். சுமையைத் தாங்கச் சேஸிஸ் இருக்கும்போது கூரை போனால் என்ன என்று தோன்றும். வளைவைத் தாங்குவதில் அந்தச் சட்டம் கெட்டிக்காரன்தான். முறுக்கு வேறு விஷயம். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது காரின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் திரும்பப் பார்க்கும். செருப்புக் கடை அட்டைப்பெட்டியை மூடியில்லாமல் இரு முனையிலும் பிடித்துத் திருகிப் பாருங்கள், சுலபமாகக் கோணும். மூடியைப் போட்டு ஓரத்தை ஒட்டிவிட்டால் அதே அட்டை அசையாது. எடை கொஞ்சம்தான் கூடியது, ஆனால் பெட்டி முழுமையாக மூடிக்கொண்டது. காரின் கூரையும் தரையும் பக்கவாட்டுத் தகடுகளும் சேர்ந்து அப்படி ஒரு மூடிய பெட்டியாகின்றன.

செடானில் அந்தப் பெட்டிக்கு இன்னொரு பலம் உண்டு. பின் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பும், பின் கண்ணாடிக்கு அடியில் படுத்திருக்கும் தட்டும் டிக்கியைப் பயணிகள் அறையிலிருந்து பிரிக்கின்றன. உடல் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்திருப்பவற்றில் இவை முக்கியமானவை. வேகனுக்கு இவை இரண்டுமே கூடாது. பின் இருக்கைக்கு அப்பால் வால்கதவு வரை தரை ஒரே சீராக ஓட வேண்டும், தலைக்கு மேல் கூரையும் கூடவே ஓட வேண்டும். எதை எடுத்தால் இடம் கிடைக்கிறதோ அதுதான் காரின் உறுதி. வேகன் கட்டும் கலை முழுக்க, எடுத்த உறுதியைக் கண்ணுக்குத் தெரியாமல் வேறு வழியில் திருப்பித் தருவதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பின் சக்கரங்களுக்கு மேலே உள்வளைவுகளைத் தடிப்பாக்குவது, கூரைக்கு அடியில் வளைந்த குறுக்குக் கம்பிகளைச் சேர்ப்பது, வால்கதவைச் சுற்றி எஃகுப் பெட்டிபோல் ஒரு நிலையைக் கட்டுவது எல்லாம் அதற்காகத்தான்.

வேகன் பிறந்தபோதே கைவேலையாகத்தான் பிறந்தது. 1910களில் ரயிலில் வந்திறங்கும் விருந்தினரையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் ஏற்றிவர, ஃபோர்டு மாடல் டி சேஸிஸ்மேல் தச்சர்கள் மரத்தில் உடல் கட்டினார்கள். 1929-ல் ஃபோர்டே மாடல் ஏ வேகனை விற்கத் தொடங்கியது. மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் அயர்ன் மவுண்டன் அருகே அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாகக் காடும் மர ஆலையும் இருந்தன. மேப்பிள், பிர்ச் மரங்களை அறுத்துக் காருக்கான மரப் பாகங்களைச் செய்தார்கள். மிஞ்சிய துண்டுகளைச் சுட்டுக் கரிக்கட்டிகளாக்கி விற்றார்கள். இன்று அமெரிக்க வீட்டுக் கொல்லைகளில் இறைச்சி சுடப் பயன்படும் கிங்ஸ்ஃபோர்டு கரி அந்த வழி வந்ததுதான். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும்; அடிக்கடி வார்னிஷ் பூச வேண்டும். 1946-ல் வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப் வேகனும் 1949-ல் பிளைமவுத் சபர்பனும் முழு எஃகு உடலோடு வந்தபின் மரத்தின் காலம் மெல்ல முடிந்தது.

எஃகு வேகன்களில் இன்றும் பலர் ஏங்கும் உருவம் செவ்ரோலே நோமட். 1954 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நடத்திய மோட்டோரமா கண்காட்சியில், கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் முகத்தோடு ஒரு வேகன் நின்றது. அதன் கூரையை வரைந்தவர் கார்ல் ரென்னர். கூட்டம் மயங்கியதைக் கண்ட வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், அதே கூரையைச் சாதாரண செவ்ரோலேவில் ஏற்றச் சொன்னார். வடிவமைப்பாளர்கள் கூரையின் முழு அளவு வரைபடத்தை வெட்டி, துண்டுகளை விலக்கி நீட்டி, 1955 செவ்ரோலேவின் கீழ் உடல் வரைபடத்தோடு பொருத்தினார்கள். பட்டறைகளில் இன்று எஃகில் நடக்கும் அறுவைச் சிகிச்சை, அன்று தொழிற்சாலையில் காகிதத்தில் நடந்தது. இரண்டே கதவு, சாய்ந்த தூண்கள், முன்னோக்கிச் சாய்ந்த வால்கதவு, கூரையின் பின்பகுதியில் குறுக்காக ஓடும் ஒன்பது பள்ளக் கோடுகள். அந்தக் கோடுகளை அலங்காரம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். தட்டையான தகட்டில் ஒரு பள்ளம் அழுத்தினால் தகட்டுக்கு ஆழம் கிடைக்கிறது. வளைவை எதிர்க்கும் பலம் அந்த ஆழத்தைப் பொறுத்து மளமளவென்று ஏறும். கூடுதலாக ஒரு கிராம் எஃகும் செலவில்லை. 1957-க்குப் பிறகு அந்த இரண்டு கதவு வடிவத்தை செவ்ரோலே நிறுத்திவிட்டது. அதனால்தான் நோமட் கூரைக்கு இன்றும் இத்தனை கிராக்கி.

2019-ல் டெட்ராய்ட் ஆட்டோரமா கார் கண்காட்சியில் ரிட்லர் விருது வாங்கிய கார் இந்த ஆசையின் உச்சம். 1964 முதல் கொடுக்கப்படும் அந்த விருதுக்கு, அதுவரை வேறெங்கும் காட்சிக்கு வைக்காத கார்கள் மட்டுமே போட்டியிட முடியும். அந்த ஆண்டு வென்றது ‘கேட்மேட்’: 1959 கேடிலாக் உடலும் நோமட் கூரையும் சேர்ந்த இரண்டு கதவு வேகன். அந்த ஆண்டுக் கேடிலாக் ஏறத்தாழ 203 செ.மீ. அகலம், நோமட் 188 செ.மீ. குறுகிய கூரையை அகன்ற காரில் ஏற்ற வேண்டுமென்றால், கூரையை நெடுக்காகவும் குறுக்காகவும் பிளந்து, துண்டுகளை விலக்கி வைத்து, நடுவில் புதுத் தகட்டைச் சேர்க்க வேண்டும்.

அந்தப் புதுத் தகட்டில்தான் கணிதம் குறுக்கே நிற்கிறது. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டலாம். ஒரு பந்தின்மேல் மடிப்பில்லாமல் ஒட்ட முடியாது. இரண்டு திசையிலும் ஒரே சமயத்தில் வளைந்த பரப்பைத் தட்டைத் தாளிலிருந்து வெறுமனே மடித்துப் பெற வழியில்லை என்று கவுஸ் 1827-லேயே நிறுவிவிட்டார். கார் கூரை நீளவாக்கிலும் வளைகிறது, அகலவாக்கிலும் வளைகிறது. ஆகவே தகட்டின் நடுப்பகுதியின் பரப்பு கூடியாக வேண்டும். தொழிற்சாலையில் ராட்சத அச்சு இயந்திரம் ஒரே அழுத்தில் அதைச் செய்யும். பட்டறையில் இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே தகட்டைக் கொடுத்து, முன்னும் பின்னுமாகக் கையால் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் உருளை பட்ட இடம் மயிரிழை மெலிந்து, மயிரிழை விரிகிறது. எங்கே எத்தனை முறை ஓட்டினோம் என்பதே வளைவைத் தீர்மானிக்கிறது. பரப்பு தேவைக்கு மேல் விரிந்துவிட்டால் கூரை கையால் அழுத்தும்போது டப்பென்று உள்ளே போய், விட்டதும் டப்பென்று வெளியே வரும். அப்படிப்பட்ட கூரை காற்றில் படபடத்துக்கொண்டே இருக்கும்.

வளைவு பொருந்திவிட்டால் பற்றவைப்பு. டிங்கரிங் தொழிலில் கெட்டுப்போகிற வேலைகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. தகட்டின் தடிமன் சுமார் 1 மி.மீ. எஃகு உருக ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். சின்னக் கணக்குத்தான், 10 செ.மீ. நீளத்துக்கு 500 டிகிரி ஏறினால் 0.6 மி.மீ. வந்துவிடுகிறது. சூடேறிய இடம் விரியப் பார்க்கிறது, சுற்றிலும் குளிர்ந்து கிடக்கும் தகடு இடம் கொடுப்பதில்லை. சூட்டில் இளகிய எஃகு வேறு வழியின்றித் தன்மேலேயே அமுங்கித் தடிக்கிறது. பிறகு ஆறும்போது அந்த அமுங்கிய நிலையிலிருந்து சுருங்குகிறது. முடிவில் பற்றவைத்த கோடு முன்பிருந்ததைவிடக் குட்டையாகி, சுற்றுத் தகட்டை எல்லாப் பக்கத்திலிருந்தும் இழுக்கிறது. நேர்த்தியான கூரையில் அலை விழுவது இப்படித்தான்.

விஷயம் தெரிந்தவர் ஒரே கோடாகப் பற்றவைப்பதில்லை. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, அப்புறம் கூரையின் மறு ஓரத்தில் ஒன்று. முதல் பொட்டுக் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகே பக்கத்துப் பொட்டு. ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் எஃகுக் கட்டை ஒன்றை ஏந்தி, மேலிருந்து சுத்தியலால் தட்டுகிறார். அமுங்கித் தடித்த எஃகை அந்தத் தட்டு மறுபடி விரிக்கிறது; சுருங்கிய நீளம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. ஓங்கி அடித்தால் அதிகமாக விரிந்துவிடும் என்பதால் அடியின் ஓசையையும் கேட்டுக்கொண்டே வேலை செய்ய வேண்டும். கட்டைக்கும் சுத்தியலுக்கும் நடுவே தகடு சரியாக அகப்பட்டால் கணீரென்று ஒலிக்கும். தவறினால் மந்தமாக ஒலிக்கும்.

தூணும் கூரையும் சேரும் மூட்டில் பழைய முறை ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது: ஈயம். அந்தக் கால டெட்ராய்ட் தொழிற்சாலைகளே கூரை மூட்டுகளை ஈயத்தால்தான் மூடின. காரீயம் 327 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232-ல். காரீயம் 38, வெள்ளீயம் 62 என்ற விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியில் சட்டென்று தண்ணீராகிவிடும். மின்னணுப் பலகைகளைச் சால்டரிங் செய்ய அது வசதி; செங்குத்தான தூணில் வைத்தால் வழிந்து தரையில் விழும். கார்த் தொழிலாளர்கள் காரீயம் 70, வெள்ளீயம் 30 என்று கலக்கிறார்கள். இந்தக் கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கினாலும், முழுதாக உருக 255 டிகிரி ஆகும். இடைப்பட்ட எழுபது டிகிரியில் அது கட்டியுமில்லை, நீருமில்லை. காரீயம் மிகுந்த நுண்படிகங்கள் உருகிய திரவத்தில் மிதக்கும் கூழாக நிற்கிறது. ஒரு கையில் தீச்சுடர், மறு கையில் தேன்மெழுகு தடவிய மரத்துடுப்பு. சுடரை ஒரு கணம் காட்டி, ஒரு கணம் விலக்கி, அந்த எழுபது டிகிரிக்குள்ளேயே கலவையைப் பிடித்து வைத்துக்கொண்டு, தூணின் வளைவின்மேல் துடுப்பால் தடவிப் படியவைக்கிறார்கள். அதற்கு முன் எஃகைச் சுரண்டி, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோலவே மெல்லிய பூச்சு கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டாது. தெர்மாமீட்டர் எதுவும் கையில் இல்லை. பரப்பின் பளபளப்பு மாறுவதைப் பார்த்தே வெப்பத்தை அறிகிறார்கள். உலோகவியலின் ஒரு வரைபடத்தை மணிக்கட்டில் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. காரீயம் நஞ்சு என்பதால் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. அரத்தால் சீவி, சீவலைப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். காரீயம் இல்லாத வெள்ளீயக் கலவைகளும் இப்போது கிடைக்கின்றன.

கண்ணாடியில் பிடிவாதம் செல்லாது. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, கவனமாக அறுக்கலாம். பின்னால் உள்ள பதப்படுத்திய கண்ணாடி வேறு ரகம். அதை ஏறத்தாழ 620 டிகிரிக்குச் சூடேற்றி, காற்றை வீசிச் சட்டென்று குளிர்வித்திருக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உள்ளே பிறகு சுருங்கியதால், மேற்பரப்பு நிரந்தரமாக நெருக்கப்பட்டும் உட்பகுதி இழுபட்டும் நிற்கின்றன. அறுக்கும் கருவி அந்தச் சமநிலையைக் கலைத்த கணமே முழுக் கண்ணாடியும் சிறு குருணைகளாகச் சிதறிவிடும். எனவே புதுக் கூரைக்கேற்ற பின் ஜன்னல்களுக்கு முதலில் அக்ரிலிக்கில் அச்சு செய்து, அதைப் பார்த்துக் கண்ணாடியை வெட்டி, வளைத்து, கடைசியில்தான் பதப்படுத்த வேண்டும். பிறகு ஒரு மி.மீ. கூடினாலும் திருத்த முடியாது. புதிதாக ஒன்று செய்ய வேண்டியதுதான்.

கார் ஓடத் தொடங்கியதும் இன்னொரு சங்கதி காதில் விழும். தடுப்பு போய்விட்டதால் உள்ளே முன்னிருந்து பின்வரை ஒரே காற்றறை. 3 மீட்டர் நீளமுள்ள அறையில் இயல்பாக எழும் மிகத் தாழ்ந்த அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 57. எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றில் நான்கு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 850 சுற்றில் சும்மா நிற்கும்போதே நொடிக்கு 57 வெடிப்பு. இரண்டும் பொருந்திவிட்டால் சிக்னலில் நிற்கும்போது காதை அமுக்கும் ஒரு முழக்கம் எழும். கூரைக்கு அடியில் ஒட்டும் ரப்பர் பட்டைகளும் தரையில் விரிக்கும் தடித்த விரிப்பும் தகடுகளின் அதிர்வை உறிஞ்சி அதை அடக்க உதவுகின்றன.

கடைசி வேலை வால்கதவு. வேகனின் செங்குத்தான பின்புறத்தில் காற்று கூரையின் முனையிலேயே சட்டென்று உடலை விட்டுப் பிரிகிறது. அங்கே அழுத்தம் குறைந்த ஒரு சுழல் காரோடு கூடவே ஓடிவந்துகொண்டிருக்கும். பின் கண்ணாடியில் புழுதி அப்புவது அதனால்தான். ஆபத்தானது புழுதியல்ல, புகைபோக்கியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, அந்தச் சுழலில் சிக்கி, வால்கதவின் சிறு இடுக்கு வழியாகவும் உள்ளே ஏறும். நோமட்டின் சாய்ந்த வால்கதவு மழைநீரை ஒழுகவிடுவதில் பேர்போனது. நீர் வரும் வழியில் புகையும் வரும். ஆகவே கட்டுபவர்கள் புகைக்குழாயை உடலின் ஓரத்துக்கு அப்பால் நீட்டி, ஓட்டத்தில் வால்கதவுக் கண்ணாடியை மூடியே வைக்கச் சொல்கிறார்கள். கதவோரத்து ரப்பரைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். கதவின் ஓரத்தில் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்கிறார்கள். எங்கே சுலபமாக உருவிக்கொண்டு வருகிறதோ அங்கே கீலைத் தளர்த்தி, கதவை இன்னும் அரை மி.மீ. உள்ளே தள்ளி, மறுபடி இறுக்குகிறார்கள்.