ஆரஞ்சு மழை பொழியும் பான்ஷ்



கிறிஸ்தவர்களின் தவக்காலம் சாம்பல் புதனன்று தொடங்கும். அதற்கு முன் ஆடிப்பாடிக் களிக்கும் கார்னிவல் விழாக்களில் பெல்ஜியத்தின் பான்ஷ் நகர விழா தனி ரகம். சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று, வைக்கோல் திணித்த உடை, மரக்காலணி, இடுப்பில் மணிகள் என 'ஜீல்' எனப்படும் ஆண்கள் விடியுமுன்பே முரசொலிக்கு ஏற்ப நடைபோடத் தொடங்குவார்கள்.

காலையில் மெழுகு முகமூடி. பிற்பகலில் நெருப்புக்கோழி இறகு வைத்த பெரிய தொப்பி. அப்போதுதான் கூட்டத்தை நோக்கி ஆரஞ்சுப் பழங்கள் பறந்து வரும். அது அன்பளிப்பு, திருப்பி எறிந்தால் மரியாதைக் குறைவு! பழம் பட்டு உடையாதிருக்க, ஜன்னல் கண்ணாடிகளுக்கு முன்கூட்டியே கம்பிவலை கட்டிவிடுவார்கள். 2003-இல் யுனெஸ்கோ இவ்விழாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாக அறிவித்தது.