உங்களுக்குத் தெரியுமா? பென் டிரைவின் டிரைவர் கணினிக்குள்ளேயே இருக்கிறது

2000ஆம் ஆண்டில் பென் டிரைவ் கடைக்கு வந்தபோது, விண்டோஸ் 98 கணினியில் அதைச் செருகினால் மட்டும் போதாது. டிரைவர் மென்பொருளையும் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. இன்று அந்தத் தொல்லை இல்லை. செருகிய கணமே பென் டிரைவ் தன் வகை எண்ணைச் சொல்கிறது. சேமிப்புக் கருவிகளுக்கு அது 08. எண்ணைக் கண்டதும் விண்டோஸ் தன்னிடமுள்ள ‘யுஎஸ்பிஸ்டார்.சிஸ்’ என்ற பொது டிரைவரை இயக்குகிறது. எந்த நிறுவனத்தின் பென் டிரைவானாலும் பெரும்பாலும் இதுவே போதும். இணையத்தில் டிரைவர் தேடிப் பதிவிறக்குவது வீண்வேலை, ஆபத்தும்கூட.

விளக்கு எரிந்து, ஒலியும் கேட்டு, டிரைவ் மட்டும் கண்ணில் படாவிட்டால், டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாமல் இருக்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வலச் சொடுக்கி ஓர் எழுத்தைக் கொடுத்தால் தெரியத் தொடங்கும். டிவைஸ் மேனேஜரில் அதன் பெயரருகே மஞ்சள் முக்கோணம் இருந்தால், அங்கேயே அன்இன்ஸ்டால் செய்து, கழற்றி மீண்டும் செருக வேண்டும். விண்டோஸ் டிரைவரைப் புதிதாக ஏற்றிக்கொள்ளும். மற்றொரு கணினியிலும் அசையாவிட்டால் பழுது பென் டிரைவிலேயே இருக்கக்கூடும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டால், உள்ளே இருக்கும் கோப்புகளை மீட்கும்வரை சம்மதிக்கவே கூடாது.